25 ஆயிரம் கோடியில் செயற்கைச் சூரியன்: கம்ப்யூட்டர் கணக்கு பலிக்குமா?

நெருளில் பாம் பீச் ரோட்டுப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால், கழிமுகத்துக்கு அப்பால் ட்ராம்பே குன்று தெரியும். அந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் 1956 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கியது. அதற்குக் காரணமாக இருந்த ஹோமி பாபா, அதற்கு ஓராண்டு முன்பு ஜெனீவாவில் நடந்த ஐ.நா. அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அங்கே அவர் ஓர் ஆரூடம் சொன்னார். சூரியனில் நடப்பதுபோல அணுக்களை ஒன்றோடொன்று இணைத்து, கட்டுக்குள் வைத்துச் சக்தி எடுக்கும் வழி இன்னும் 20 ஆண்டுகளுக்குள் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்றார்.

20 ஆண்டு போய் 70 ஆண்டு ஆகிவிட்டது. அணு இணைப்பில் பிறந்த மின்சாரத்தால் உலகில் எந்த வீட்டிலும் ஒரு குண்டு பல்புகூட இன்னும் எரியவில்லை.

இந்த நிலையில்தான், குஜராத் மாநிலம் காந்திநகர் அருகே பாட் கிராமத்தில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 2025 ஆம் ஆண்டில் ஒரு நீண்ட காலத் திட்டத்தை வெளியிட்டார்கள். முதலில் 'எஸ்.எஸ்.டி.-பாரத்' என்ற உலை. போடும் சக்தியைப் போல 5 மடங்கு அது திருப்பித் தரவேண்டும். மதிப்பீடு 25 ஆயிரம் கோடி ரூபாய். பிறகு 2060 ஆம் ஆண்டுக்குள் 250 மெகாவாட் தரும் பெரிய மாதிரி உலை. அதில் 20 மடங்கு திரும்பி வரவேண்டும்.

இது விஞ்ஞானிகளின் யோசனை. ஆனால் 25 ஆயிரம் கோடி என்பது வரி கட்டும் மக்களின் பணம். இந்த யோசனை எதை நம்பி நிற்கிறது என்று கேட்பதில் தவறில்லை. பெரும்பகுதி, கம்ப்யூட்டரை நம்பி நிற்கிறது.

பாத்திரம் இல்லாத அடுப்பு

விஷயம் இதுதான். தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது அணுப் பிளவு. யுரேனியம் போன்ற கனமான அணுவை உடைத்து வெப்பம் எடுக்கிறார்கள். அணு இணைப்பு அதற்கு நேர் எதிர். டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரண்டு வகை ஹைட்ரஜனை மோதவிட்டு ஹீலியமாக்குவது. பல்லாயிரம் ஆண்டு காவல் காக்கவேண்டிய கழிவு இதில் சேராது. கட்டுமீறி வெடிக்கும் பயமும் இல்லை. ஏதாவது கெட்டால் அணைந்துபோகும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த அடுப்பைப் பற்றவைக்க சுமார் 15 கோடி டிகிரி சூடு வேண்டும். சூரியனின் நடுவயிற்றில் இருப்பதே ஒன்றரைக் கோடி டிகிரிதான். அந்தச் சூட்டில் வாயு, வாயுவாக இருப்பதில்லை. அணுவிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, மின்சாரம் பாயும் ஒரு குழம்பாகிறது. அதற்குப் பெயர் பிளாஸ்மா. அதைத் தாங்கும் பாத்திரம் பூமியில் கிடையாது. ஆகவே சுவரில் படாமல் காந்த சக்தியால் அந்தரத்தில் பிடித்துவைக்கிறார்கள். மெதுவடை வடிவத்தில் உள்ள அந்தக் கூட்டுக்கு ரஷ்ய விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'டோகாமாக்'.

பிடித்துவைப்பது லேசான காரியம் அல்ல. இங்கிலாந்தில் இருந்த 'ஜெட்' என்ற டோகாமாக் 2023 ஆம் ஆண்டு அக்டோபரில் 69 மெகாஜூல் சக்தி எடுத்து உலக சாதனை செய்தது. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. மின்சார பில் கணக்கில் சொன்னால் அது சுமார் 19 யூனிட். நெருளில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு மூன்று நாலு நாள் ஓடும். அதை எடுக்க அதைவிட அதிகமாகச் செலவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்த ஆண்டு டிசம்பரோடு 'ஜெட்' மூடப்பட்டது.

ஹார்பர் லைன் கூட்டம்

பிளாஸ்மா ஏன் இப்படிப் படுத்துகிறது? காலை எட்டரை மணிக்கு நெருள் ஸ்டேஷனில் சி.எஸ்.எம்.டி. போகும் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. வண்டியில் ஒருவர் எங்கே நிற்பார் என்பது அவர் கையில் இல்லை. சுற்றியுள்ளவர்கள் தள்ளும் தள்ளில் இருக்கிறது. அந்தச் சுற்றியுள்ளவர்களை இவரும் தள்ளுகிறார். குர்லாவில் இறங்கவேண்டியவர் வாஷியிலேயே நகரத் தொடங்கினால், அந்த அசைவு பெட்டியின் மறுகோடி வரை போகும். பிளாஸ்மாவின் ஒவ்வொரு துகளும் மற்ற எல்லாத் துகள்களையும் மின்சக்தியால் இழுக்கிறது, தள்ளுகிறது. இப்படிப் பிறக்கும் சுழல்கள் வழியாகத்தான் சூடு வெளியே கசிந்து ஓடுகிறது.

இந்தச் சுழல்களைக் காகிதத்தில் பேனாவால் கணக்கிட்டு முடிக்க எவராலும் இயலவில்லை. மேதைகளே முயன்ற துறை இது. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, பின்னால் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், சிகாகோவில் பிளாஸ்மா பற்றி நடத்திய வகுப்புகள் 1960 ஆம் ஆண்டு புத்தகமாகவே வந்தன. பிளாஸ்மா எப்போது நிலைகுலையும் என்பதற்கு அவர் தலைமுறை விதிகள் தந்தது. நிலைகுலைந்த பிறகு என்ன ஆகும் என்பதற்குக் கம்ப்யூட்டர்தான் வரவேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் செய்வது ஓர் ஒத்திகை. மெதுவடைக் கூட்டைப் பல லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை துகள், என்ன வேகம், எவ்வளவு மின்சக்தி என்று எண்ணுகிறார்கள். ஒரு கணம் தள்ளிப் பார்க்கிறார்கள். மறுபடி எண்ணுகிறார்கள். பிளாட்பாரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு இத்தனை தலை என்று எண்ணும் ரயில்வே குமாஸ்தாவின் வேலைதான் இது.

கஷ்டம் எண்ணிக்கையில் இருக்கிறது. பிரான்சில் கட்டப்பட்டுவரும் 'ஈட்டர்' உலையின் கூட்டுக்குள் 800 கன மீட்டருக்கு மேல் பிளாஸ்மா இருக்கும். ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் ஒன்றுக்குப் பின்னால் 20 பூஜ்யம் போட்ட அளவு துகள்கள். எந்தக் கம்ப்யூட்டராலும் அத்தனைக்கும் பெயர் எழுத முடியாது. ஆகவே கணக்கில் வரும் ஒரு துகள், உண்மையில் கோடானுகோடித் துகள்களுக்குப் பிரதிநிதி. எம்.எல்.ஏ. மாதிரி என்று சொல்லலாம். தொகுதியைச் சரியாகப் பிரதிபலிக்கிறாரா என்ற சந்தேகமும் அதே மாதிரி உண்டு.

காலமும் தொல்லை கொடுக்கிறது. அங்கே ஓர் எலக்ட்ரான் காந்தக் கோட்டைச் சுற்றி நொடிக்குச் சுமார் 14 ஆயிரம் கோடி தடவை சுழலும். ஆனால் கூட்டிலிருந்து சூடு கசிந்து போவதற்கு மூன்று நாலு நொடி ஆகும். ஒவ்வொரு சுழற்சியையும் விடாமல் எழுதிக்கொண்டு அந்த நாலு நொடியைக் கடக்க நினைத்தால் ஆயுள் போதாது. 1980-களில் விஞ்ஞானிகள் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். சுழலும் துகளை ஒரு சிறு வளையமாகவே பாவித்து, சுழற்சியைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, வளையம் எங்கே நகர்கிறது என்பதை மட்டும் பார்த்தார்கள். அந்தக் கழித்தல் செல்லும் இடமும் உண்டு, செல்லாத இடமும் உண்டு. கூட்டின் ஓரத்தில்தான் வம்பு.

மும்பைக்குப் புதிதல்ல

கம்ப்யூட்டரை வைத்து இயற்கையை ஒத்திகை பார்க்கும் பழக்கம் மும்பைக்குப் பழையது. கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்', நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய கம்ப்யூட்டர். அந்தக் குழுவை வழிநடத்தியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். அதன் நினைவகம் 2,048 சொற்கள். இன்றைக்குப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் போனின் ஒரு மூலைக்குக் காணாது.

1980-களில் பெரிய கம்ப்யூட்டர்களைத் தர அமெரிக்கா தயங்கியது. அணுகுண்டுக் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்ற சந்தேகம். அந்தக் கதவு மூடியதால்தான் 1991-ல் புனேயில் 'பரம்' பிறந்தது. செம்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ட்ராம்பே பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் 'அனுபம்' பிறந்தது. பல சாதாரணக் கம்ப்யூட்டர் மூளைகளைச் சேர்த்துக் கட்டி ஒரே கணக்கைப் பங்குபோட்டுச் செய்யவைக்கும் முறை அது.

பிளாஸ்மா ஆராய்ச்சிக்கு வித்திட்டவர் காஷ்மீரில் பிறந்த பிரதிமன் கிருஷன் காவ். 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் வேலை பார்த்தவர். கம்ப்யூட்டர் துகள் ஒத்திகையின் முன்னோடியான ஜான் டாசனுடன் சேர்ந்து ஆராய்ந்தவர். அந்நாளில் கம்ப்யூட்டரில் ஓராயிரம் துகள்களைப் பின்தொடர்வதே பெரும்பாடு. காவ் நாடு திரும்பினார். அவர் தலைமையில் 1986 ஆம் ஆண்டு காந்திநகர் நிலையம் தனி நிறுவனமாயிற்று. 1989-ல் 'ஆதித்யா' டோகாமாக் அங்கே ஓடியது. காவ் 2017-ல் காலமானார்.

அந்த நிலையத்தில் இப்போதுள்ள பெரிய கம்ப்யூட்டரின் பெயர் 'அந்த்யா'. நொடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குப் போடும். ஒன்றுக்குப் பின்னால் 15 பூஜ்யம் வரும் எண்ணுக்கு வடமொழியில் அந்தப் பெயர், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2022-ல் வந்த 'ஃபிரான்டியர்' அதைப்போல் ஆயிரம் மடங்கு என்பதையும் சொல்லவேண்டும்.

ஒரு மில்லிமீட்டரா, ஆறா?

ஒத்திகைக் கணக்கின் மேல் எவ்வளவு பணம் தொங்குகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்.

'ஈட்டர்' உலையில் இந்தியா உள்பட ஏழு தரப்புகள் பங்குதாரர்கள். 2006 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்டுமானத்தில் இந்தியாவின் பங்கு சுமார் 9 சதவீதம். பெரும்பாலும் பணமாக அல்ல, பொருளாக. 50 மெகாவாட் சூடு ஏற்றி 500 மெகாவாட் எடுப்பது இலக்கு.

டோகாமாக்கில் கழிவு வெப்பம் கூட்டின் அடித்தட்டில் ஒரு மெல்லிய பட்டையாக விழும். பட்டை அகலமாக இருந்தால் வெப்பம் பரவும், தட்டு பிழைக்கும். ஒடுங்கினால் வெல்டிங் சுடர் போல ஒரே இடத்தில் அறுக்கும். ஏற்கெனவே உள்ள உலைகளில் அளந்த அளவுகளை வைத்து நீட்டிப் பார்த்தபோது, ஈட்டரில் அந்தப் பட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இராது என்று வந்தது. எஞ்சினீயர்களுக்குத் தூக்கம் போயிற்று.

2017 ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் குழு ஒன்று மிகப் பெரிய கம்ப்யூட்டர் ஒத்திகை நடத்தி, விடை வேறு என்றது. இன்றைய சிறிய உலைகளுக்கு அதே கணக்கைப் போட்டால் அளந்த அளவு அப்படியே வருகிறது. ஈட்டருக்குப் போட்டால் மட்டும் சுமார் ஆறு மில்லிமீட்டர் வருகிறது. பெரிய உலையின் ஓரத்தில் சுழல்களின் சுபாவமே மாறி, பட்டையை விரித்துவிடுகிறது என்பது அவர்கள் தரும் காரணம்.

எது உண்மை? அனுபவம் ஒன்று சொல்கிறது, கணக்கு ஆறு சொல்கிறது. ஈட்டர் முழு வேகத்தில் ஓடினால்தான் தெரியும். 2024-ல் அறிவித்த புதிய அட்டவணைப்படி அங்கே ஆராய்ச்சி ஓட்டம் 2034-ல் தொடங்கும். டிரிட்டியம் போட்டு எரிப்பது 2039-ல்.

கணக்கு தோற்ற கதையும் இருக்கிறது. கலிபோர்னியாவில் உள்ள லேசர் அணு இணைப்புக் கூடத்தில், 2012-க்குள் எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்று கம்ப்யூட்டர் ஒத்திகைகள் காட்டின. பற்றவில்லை. மேலும் பத்தாண்டு போராடி 2022 டிசம்பரில்தான் பற்றியது. அது காந்தமுறை அல்ல, லேசர் முறை. ஆனாலும் பாடம் பொதுவானது. கணக்கு தப்பிய இடங்களை அந்த விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினார்கள். கம்ப்யூட்டரும் தப்பு செய்து தப்பு செய்துதான் தேறியது.

இன்னொன்று. 1982-ல் ஜெர்மனியில் கார்ஷிங் நகரில் ஓர் உலையைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது, ஓர் அளவைத் தாண்டியதும் பிளாஸ்மா தானாகவே அடங்கி, சூட்டைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. எந்தக் கணக்கும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஈட்டரின் வடிவமைப்பே அந்த எதிர்பாராத வரத்தின் மேல்தான் நிற்கிறது. முழுக் காரணத்தையும் கம்ப்யூட்டரில் கொண்டுவர இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கசிந்த இணைப்புகள்

காந்திநகர் திட்டத்திலும் 'இரட்டைப் பிறவி' என்ற யோசனை இருக்கிறது. உலையைக் கட்டுமுன்பே கம்ப்யூட்டருக்குள் அதன் அச்சுப் பிரதியைக் கட்டிவிடுவது. புதிய அமைப்பு எதையும் முதலில் பிரதியில் போட்டுப் பார்ப்பது. தாராவியில் தையல் வேலை செய்கிறவர்கள் விலையுயர்ந்த துணியில் கத்திரி வைக்குமுன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பார்கள். அதே புத்திதான். 2022-ல் சுவிட்சர்லாந்தில் லோசான் நகர உலையில், கம்ப்யூட்டர் ஒத்திகையிலேயே பயிற்சி பெற்ற ஒரு செயற்கை அறிவு, உண்மையான பிளாஸ்மாவின் காந்தங்களை ஓட்டிக் காட்டியது. யோசனை ஆகாசத்தில் தொங்குவது அல்ல.

ஆனால் காந்திநகரின் சொந்த அனுபவத்தையும் மறக்கக்கூடாது. அங்கே உள்ள 'எஸ்.எஸ்.டி.-1' உலையில் காந்தச் சுருள்கள் கடுங்குளிரில் மின்தடை இல்லாமல் இயங்கும் வகை. 2000-களின் நடுவில் அதைக் கூட்டி இயக்கப் பார்த்தபோது, குளிர்விக்கும் ஹீலியம் கசிந்தது. சுருள்களின் இணைப்புகள் தேறவில்லை. எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு சுருளையும் தனித்தனியே சோதித்து மறுபடி கட்டி, 2013 ஜூனில்தான் முதல் பிளாஸ்மா வந்தது. பிளாஸ்மாவின் சுழலைக் கணக்கிடும் கம்ப்யூட்டர், பற்றவைப்பு எங்கே விடும் என்று சொல்லாது. அது கைவேலை.

அந்தக் கைவேலையில் நம் நாட்டுத் தொழிலாளர்கள் சளைத்தவர்கள் அல்ல. ஈட்டர் உலை முழுவதையும் மூடும் ராட்சத வெற்றிடத் தொட்டியை, சூரத் அருகே ஹசீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் செய்தது. உயரமும் குறுக்களவும் ஏறத்தாழ 30 மீட்டர். எடை 3,800 டன்னுக்கு மேல். 54 துண்டுகளாகக் கப்பலில் அனுப்பினார்கள். பிரான்சிலேயே ஒரு பட்டறை போட்டு வெல்டிங் செய்து சேர்த்தார்கள். அதன் அடிப்பாகம் 2020 மே மாதம் உலைக்குழிக்குள் இறக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

எஸ்.எஸ்.டி.-1 வடிவமைக்கப்பட்டது 16 நிமிடம் வரை பிளாஸ்மாவைப் பிடித்துவைக்க. பிடித்தது 650 மில்லி நொடி. அதாவது ஒரு நொடியில் மூன்றில் இரண்டு பங்கு. இலக்குக்கும் எட்டியதற்கும் இடையே சுமார் 1,500 மடங்கு தூரம். இதே காலத்தில் சீனாவின் 'ஈஸ்ட்' உலை 2025 ஜனவரியில் 1,066 நொடியும், பிரான்சின் 'வெஸ்ட்' உலை பிப்ரவரியில் 1,337 நொடியும் பிடித்தன. அவை மின்சாரம் எடுக்கவில்லை, ஆனாலும் பிடித்தன.

சொல்லவேண்டிய கணக்கு

எஸ்.எஸ்.டி.-பாரத் பற்றி மக்களுக்குப் பளிச்சென்று சொல்லவேண்டிய ஒன்று உண்டு. அது தரப்போவதாகச் சொல்லும் 130 மெகாவாட்டில் 100 மெகாவாட் அணுப் பிளவிலிருந்து வருவது. அணு இணைப்பின் பங்கு மிச்சம் 30. அது கலப்பு உலை. கலப்பு தவறல்ல, அணு இணைப்பில் பிறக்கும் நியூட்ரான்களை அப்படிப் பயன்படுத்தலாம் என்பது பழைய யோசனைதான். ஆனால் பிளவு வந்தால் அதன் கழிவும் கூடவே வரும். 'செயற்கைச் சூரியன்' என்று தலைப்புப் போடும்போது இதை விட்டுவிடுவது நியாயமல்ல. 1969-ல் ஓடத் தொடங்கிய தாராப்பூர் முதல் உலையின் அளவே 160 மெகாவாட் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். மலிவு மின்சாரம் தருவதற்கான உலை அல்ல இது, கற்றுக்கொள்வதற்கான உலை.

தேதிகளையும் உப்புப் போட்டுத்தான் விழுங்கவேண்டும். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையை 2004-ல் கட்டத் தொடங்கினார்கள். 2010 வாக்கில் முடியும் என்றார்கள். உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியது 2024 மார்ச்சில். அதுவோ பல நாடுகள் ஏற்கெனவே செய்து பார்த்த வகை.

அப்படியானால் பணத்தை எங்கே முதலில் போடுவது? கான்கிரீட்டுக்கு முன்னால் கம்ப்யூட்டருக்கு என்பதுதான் புத்திசாலித்தனம். உலையில் ஆகும் செலவில் ஒத்திகைக்கு ஆவது சிறு பங்கு. ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும். எஸ்.எஸ்.டி.-1-லும், புதுப்பித்த ஆதித்யாவிலும் ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும், என்ன நடக்கும் என்று கம்ப்யூட்டர் கணித்ததை எழுதி வெளியிட்டுவிடவேண்டும். சோதனை முடிந்ததும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடவேண்டும். நடந்த பிறகு கணக்கைச் சரிக்கட்டிக் காட்டுவது யாருக்கும் கைவந்த கலை; பற்று வரவு எழுதும் குமாஸ்தாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து முறை முன்கூட்டிச் சொல்லி எட்டு முறை பலித்த பிறகு 25 ஆயிரம் கோடி கேட்டால், கேள்விக்கு வலு இருக்கும்.

இந்த வேலைக்கு ஆள் எங்கே என்றால், வெகுதூரம் போகவேண்டாம். மாதுங்காவில் 1932-ல் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியின் எஞ்சினீயரிங் கல்லூரி நெருளிலேயே இருக்கிறது. அங்கும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகளில் பலர், ஐரோலியிலும் மகாபேயிலும் உள்ள கம்பெனிகளில் வெளிநாட்டு வங்கிகளுக்குப் புரோகிராம் எழுதப் போகிறார்கள். பிளாஸ்மா ஒத்திகைக்கு வேண்டியதும் புரோகிராம்தான். வீடியோ விளையாட்டுக்கும் செயற்கை அறிவுக்கும் உதவும் அதே சில்லுகளில்தான் இதுவும் ஓடுகிறது. கூடவே பௌதிகமும் கணிதமும் வேண்டும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஒரு குழு சொந்தமாகவே பிளாஸ்மா ஒத்திகைப் புரோகிராம் எழுதியிருக்கிறது. சம்பளத்தில் கம்பெனிகளோடு அரசு ஆராய்ச்சி நிலையம் போட்டிபோட முடியாது. ஆனால் வாசல் திறந்திருக்கிறது என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

அவசரம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஈட்டரின் அடித்தட்டில் விழும் வெப்பப் பட்டை ஒரு மில்லிமீட்டரா ஆறா என்பதை 2030-களின் கடைசியில்தான் அளந்து பார்க்கமுடியும். 2060-ல் பெரிய உலை வேண்டுமென்றால், எஸ்.எஸ்.டி.-பாரத்தின் அடித்தட்டுக்கு அதற்கு முன்பே காந்திநகரில் வரைபடம் போட்டாக வேண்டும். அந்த வரைபடத்தில் எழுதும் எண் கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணாகவே இருக்கும்.